விமலா மேடத்தின் அம்மா பாடிய தட்டு

மர்பி டவுன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதனால் இது கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்வேன். வருஷங்கள் எனக்கு வரிசையில் நிற்பதில்லை, எது முன்னால் எது பின்னால் என்று கேட்டால் முழிப்பேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் மருமகள் பிழை திருத்தினாள். மீதியை அவளிடம் காட்டவில்லை.

எழுதச் சொன்னவர் நம் சங்கத்துச் செயலாளர் நாகராஜ் சார். போன மாதம் போன் செய்தார்.

"அம்மா, சென்னாகித்தீரா, நல்லா இருக்கீங்களா? நம்ம பாட்டு ரிக்கார்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தலாமா வேணாமான்னு திரும்ப கமிட்டி கூடுது. சங்கத்து மலர்ல உங்க அனுபவம் ஒண்ணு போடணும். எப்படிக் கழுவினீங்க, இத்தனை வருஷம் எப்படிக் காப்பாத்தினீங்க, அதெல்லாம் எழுதுங்க."

காப்பாற்றினேன் என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தூக்கம் போனது.

காக்ஸ் டவுனில் நம் சங்கத்து மாடியில் ரிக்கார்டு அறையில் முப்பத்தோரு வருஷம் வேலை செய்தேன். பெருக்கத்தான் வந்தேன். அறையைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தர் டீச்சர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஒருநாள் நான் தூசி தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தனம், உனக்குக் கை மெதுவா இருக்கு, இங்க வா" என்று கூப்பிட்டுக் கழுவக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் ஆனது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு ரிக்கார்டு உடைத்தேன், பிறகு உடைக்கவில்லை.

கழுவுவது இப்படி. ரிக்கார்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். விரல் மேலே படக் கூடாது. பேரெழுதிய நடு வட்டம் நனையாமல் இருக்க அதன் மேல் பவுடர் டப்பா மூடியைக் கவிழ்த்து அழுத்திக்கொள்வோம். தண்ணீர் குழாய்த் தண்ணீர் இல்லை, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். அதில் கொஞ்சம் ஸ்பிரிட், ஒரே ஒரு சொட்டு சோப்பு. பிரஷ் கோடு போகிற வழியிலேயே சுற்றிச் சுற்றிப் போக வேண்டும், குறுக்கே போனால் தொலைந்தது. பிறகு வெல்வெட் துணியால் ஒற்றி எடுத்து, வீட்டில் எவர்சில்வர் தட்டு அடுக்குகிற ஸ்டாண்டில் நிறுத்திக் காயவிடுவோம். முதலில் பேர் இருக்கிற பக்கம், அப்புறம் பின்பக்கம்.

இது பெரிய எல்பி ரிக்கார்டுக்கு. அதற்கும் முந்தின காலத்து அரக்கு ரிக்கார்டுக்கு ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. என் வீட்டுக்காரர் சிவாஜி நகரில் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர். ஸ்பிரிட்டில் அரக்கைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைப்பார், காலையில் கஷாயம் மாதிரி ஆகியிருக்கும். தினம் பார்த்தவள் நான்.

மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. டீச்சர் அதை வெட்டுத் தட்டு என்பார். கம்பெனியில் அச்சடித்தது இல்லை. அந்தக் காலத்தில் கன்டோன்மென்டில் ஒன்றிரண்டு கடைகளில், ஆள் எதிரே உட்கார்ந்து பாடப் பாட மிஷின் ஊசி தட்டில் கோடு வெட்டும். உள்ளே அலுமினியத் தகடு, மேலே கறுப்புப் பூச்சு. "கம்பெனி ரிக்கார்டு ஒண்ணு போனா ஆயிரம் அண்ணன் தம்பி இருக்கான். இதுக்கு யாருமே இல்ல. ஸ்பிரிட் வேணாம், தண்ணி வேணாம், மூச்சு கூட விடாதே" என்பார் டீச்சர். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் ஊசி அந்தப் பூச்சைத் தின்றுவிடும். அதனால், நல்ல மிஷின் வந்து வேறொன்றில் ஏற்றுகிற அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் ஓட்ட வேண்டும், அதுவரை பெட்டியில் இருக்கட்டும் என்று வைத்திருந்தார்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் விரல் நகத்தால் ஓரத்தில் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். எல்பி தொப்பென்று இருக்கும். அரக்கு ஓடு மாதிரி சத்தம் கொடுக்கும். வெட்டுத் தட்டு எவர்சில்வர் மூடி மாதிரி லேசாகக் கணகணக்கும். கவரை நம்பாதே, காதை நம்பு என்பார்.

டீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டியதில்லை. எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு ரிக்கார்டுக்கும் நேராக, நன்றாக இருந்தால் டிக், கீறல் இருந்தால் வட்டம், உபயோகமில்லை என்றால் பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். யார் கையால் எது கெட்டாலும் கெடுத்தவரே அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டீச்சர் பேர்தான் அதில் அதிகம். "ஊசியைத் தவறவிட்டேன், எஸ்தர்." "வெயிலில் வைத்து மறந்தேன், எஸ்தர்." எழுதிவிட்டு மையை ஊதிக் காயவைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்தது எடு" என்பார். அவ்வளவுதான். நான் உடைத்த இரண்டையும் அப்படித்தான் எழுதினேன். எழுதினவுடன் மனசு லேசாகிவிட்டது. ஆகவே எழுதப் பயமாக இருந்தது என்று நான் சொல்ல முடியாது.

ஒரு மழைக்காலத்தில் விமலா மேடம் வீட்டிலிருந்து மூன்று பெட்டி ரிக்கார்டு வந்தது. அவர் இங்கேயே காக்ஸ் டவுனில் இருக்கிறவர், ஆபீஸ் வேலைக்குப் போனவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்ததும் அப்பாவின் ரிக்கார்டுகளைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது டீச்சரிடம் ஒன்று சொன்னார், நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இதுக்குள்ள எங்கம்மா பாடின தட்டு ஒண்ணு இருக்குது டீச்சர். எனக்கு ரெண்டு வயசுல அம்மா போயிட்டாங்க. சாகறதுக்கு முந்தின நாள்தான் அப்பா இதச் சொன்னாரு. சித்தி வந்தப்புறம் எங்க ஒளிச்சு வெச்சாரோ தெரியல. எனக்கு அத ஓட்டவும் வழியில்ல. நீங்க பாத்து எடுத்து வைங்க."

டீச்சருக்கு அந்த வாரம் வேலூரில் கண் ஆபரேஷன். போகும்போது என்னிடம், "நான் வர்ற வரைக்கும் அந்தப் பெட்டியத் தொடாதே தனம்" என்றார்.

நான் தொட்டேன். திருடவோ கெடுக்கவோ இல்லை. டீச்சர் திரும்பி வரும்போது எல்லாம் கழுவிக் காய்ந்து பளபளவென்று அடுக்கியிருந்தால், "அடேயப்பா!" என்பாரே, அதைக் கேட்க ஆசை. எனக்கு அந்த மாதிரி யாரும் சொன்னதில்லை.

நாலு நாள் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள் ஒரு எல்பி கவரிலிருந்து ஒன்றை உருவினேன். மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மழைக்காலப் பூஞ்சை என்று நினைத்தேன். கையில் எடுத்தபோது மற்றதைவிடக் கனமாகவும் ஜில்லென்றும் இருந்தது. கை சொன்னது, நான் கேட்கவில்லை. எல்பி கவரில் இருந்ததால் எல்பி என்று எடுத்துக்கொண்டேன். நகத்தால் தட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குள் பெட்டியை முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

வெள்ளை போகவில்லை. துணியில் தனி ஸ்பிரிட்டை ஊற்றி அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். துணி கறுப்பானது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். மனுஷி இப்படியும் இருப்பாளா? சந்தோஷப்பட்டேன். அடுத்த சுற்றில் கறுப்புக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு பளிச்சென்று தெரிந்தது. என் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது.

அப்போதுதான் தட்டிப் பார்த்தேன். கணகணவென்றது.

துணியை வீட்டுக்கு எடுத்துப் போய் அடுப்பில் போட்டேன். தட்டைப் புது உறையில் போட்டு அதே கவரில் செருகினேன். பதிவேட்டில் அதற்கு நேராக டிக் போட்டேன். அந்த டிக்கைப் போடும்போது கை நடுங்கக்கூட இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். அலமாரியைப் பார்த்து, "அடேயப்பா! தொடாதேன்னு சொன்னா மொத்தமும் முடிச்சிட்டியே, கழுத!" என்று முதுகில் தட்டினார். பிறகு, "அந்தம்மா தட்டு கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுது டீச்சர். ஒரு எல்பி கவர்ல இருந்துச்சு. நான் தொடவே இல்ல."

கண் தெரியாத நேரம் அவருக்கு. தட்டை வெளியே எடுக்காமல் கவரை மட்டும் தடவிப் பார்த்து, 'ஏற்றும்போது ஒரே முறை ஓட்டவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். கொஞ்ச நாள் கழித்து வேறு யாருடைய வெட்டுத் தட்டோ வந்தபோது, "இந்த வெள்ளையப் பாரு, பூஞ்சை மாதிரி இருக்கும். அது பூஞ்சை இல்ல, பூச்சுல இருக்கற எண்ணெய் வேர்த்து வெளிய வருது" என்று எனக்கு விளக்கினார். நான் புதிதாகக் கேட்கிற மாதிரி தலையாட்டினேன்.

டீச்சர் இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் போன பிறகு அறை என் கைக்கு வந்தது.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம் கமிட்டி கூடியது. ரிக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதா வேண்டாமா என்று பேச்சு. என்னையும் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு டாக்டர் சார், "எல்லாம் போன்லயே கிடைக்குதே, எதுக்கு இந்த வீண் வேலை? எங்க வீட்ல நான் வெச்சிருந்ததையே தோசமாவுக்கு மூடியாப் போட்டுட்டாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். விமலா மேடம் சிரிக்கவில்லை.

"எனக்கு மத்த ரிக்கார்டு ஏறினாலும் ஒண்ணுதான், ஏறாட்டியும் ஒண்ணுதான். அந்த ஒரு தட்டு மட்டும் எடுத்துக் குடுங்க. எங்கம்மா குரல் தடியா மெலிசான்னுகூட எனக்குத் தெரியாது."

நாகராஜ் சார் என் பக்கம் திரும்பினார். "நீவே ஹேளி அம்மா, நீங்களே சொல்லுங்க. இத்தனை வருஷம் கையால தொட்டவங்க நீங்கதான். ஏத்தலாமா?"

ஏற்றினால் தட்டு வெளியே வரும். அது எனக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. பேச வராத எனக்கு அன்றைக்குப் பேச வந்தது.

"வேணாம் சார். வெளி ஆளுங்க எடுத்துட்டுப் போனா ஊசி பட்டுக் கீறும், வண்டியில உடையும். தட்டு தட்டாவே இருக்கட்டும். நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக ஜனங்கள் கை தட்டியது அது ஒரு தடவைதான். "பாத்தீங்களா, உழைச்சவங்க வாய்லருந்து வருது" என்றார் டாக்டர் சார். ஏற்றுவதைத் தள்ளிப் போட்டார்கள். கடைசியில் விமலா மேடம், "தனம் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவ கையில இருக்கற வரைக்கும் எனக்குப் பயமில்ல" என்றார்.

அடுத்த வருஷம் எனக்கு வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தியவர் அவர்தான். அந்தச் சால்வையை நான் மடிப்புக் கலைக்கவில்லை. அதன் பிறகு வந்த கோடைகளில் மாடி வெக்கை தாங்காமல் இரண்டு அலமாரி எல்பி அப்பளமாக வளைந்துபோனது என்று கேள்விப்பட்டேன். ஏற்றியிருந்தால் அந்தப் பாட்டுகளாவது மிஞ்சியிருக்கும். அதுவும் என் வாயால் வந்தது.

இப்போது மறுபடி கமிட்டி. முதலில் நூறு ரிக்கார்டு மட்டும் ஏற்றிப் பார்க்கலாம், பதிவேட்டில் டிக் இருப்பதில் பொறுக்கலாம் என்று யோசனை என்றார் நாகராஜ் சார். கமிட்டி சரி சொன்னதும் அனுப்பப் பெட்டிகளைக் கட்டி சீல் வைத்தாயிற்றாம். விமலா மேடத்தின் தட்டுதான் பட்டியலில் முதல் என்றார். அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது, அதனால் சீக்கிரம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

காது போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்ட பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கிரில் போட்ட வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் காய் வண்டிக்காரர் நின்றிருந்தார்.

"யாரு, தனமா? வா வா. முட்டி வலி எப்படி இருக்குது?"

"மேடம், அந்தத் தட்ட நான் கெடுத்துட்டேன்."

"கேக்கல. காது மிஷின் உள்ள இருக்குது. சத்தமாச் சொல்லு."

சொன்னேன். என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உன் குரல் எப்பவுமே வயித்துக்குள்ளயே போவுது. கத்து பரவால்ல, இங்க யாரு இருக்கா?"

கத்தினேன். "உங்கம்மா தட்ட நான் ஸ்பிரிட் ஊத்தித் துடைச்சுக் கெடுத்துட்டேன் மேடம்! டீச்சர் கிட்ட பொய் சொன்னேன்!" காய்க்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

விமலா மேடம் எழுந்து உள்ளே போனார். காது மிஷினை மாட்டிக்கொண்டு வந்தார், அது கீச்சென்று கத்தி அடங்கியது. "எப்போ?" என்று கேட்டார்.

"டீச்சர் கண் ஆபரேஷனுக்குப் போனப்போ."

"அப்போ மீட்டிங்ல நான் கேட்டேனே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரியும் மேடம்."

"நான் உனக்குச் சால்வ போத்தினேனே."

நின்றுகொண்டே இருந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. காய்க்காரர் ஏதோ கேட்டார், "ஒண்ணும் வேணாம்ப்பா, போ" என்றார். பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஒரு பக்கம் பாட்டுன்னு அப்பா சொன்னாரு. பின்பக்கம் ஒண்ணுமில்ல, வீணாப் போச்சுன்னாரு. அம்மாவுக்குக் கூச்சமாம். ஒரு பாட்டு பாடிட்டு இன்னொண்ணு பாட மாட்டேன்னுட்டாங்களாம். அதுக்குள்ள கடைக்காரன் தட்டத் திருப்பிப் போட்டுட்டான், மிஷின் ஓடுது. 'போதுங்க, நிறுத்தச் சொல்லுங்க'ன்னு சொல்றதும் சிரிக்கறதும்தான் அதுல இருக்குதாம்."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் துடைச்சியா?"

எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக ஞாபகம் இல்லை. எப்போதும் பேர் இருக்கிற பக்கம்தான் முதலில். அந்தத் தட்டில் பென்சிலால் எழுதி ஒட்டிய சின்னக் காகிதம் ஒரு பக்கம்தான் இருந்தது, அந்தப் பக்கம்தான் தகடு தெரிந்தது. பின்பக்கத்தைத் தொடுவதற்கு முன்னால் நின்றுவிட்டேனா, இல்லை அவசரத்தில் பின்பக்கம் முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேனா? முப்பது வருஷமாக அந்த வெள்ளைத் தகட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அன்றைக்கே டீச்சரிடம் சொல்லியிருந்தால் அவரே திருப்பிப் பார்த்திருப்பார். "சரி, அடுத்தது எடு" என்றிருப்பார்.

"தெரியல மேடம்" என்றேன். கதவைத் திறந்து விட்டார். நான் வந்துவிட்டேன்.

இதில் தட்டைப் பற்றி எழுதியதெல்லாம் சிவப்புப் பேனாவில் எழுதியிருக்கிறேன். அச்சில் கறுப்பாகத்தான் வரும், தெரியும். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன், அதை எடுத்துவிடாதீர்கள்.

கமிட்டிக்காரர்கள் யாராவது நான் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டில் எண் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று நினைக்கிறேன், முந்நூற்று இருபத்தொன்றாகவும் இருக்கலாம். நீலக் கவர், அதன் மேல் டீச்சர் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியது இருக்கும். என் டிக்கை அடித்துவிடுங்கள். மலர் அச்சாகும் வரை காத்திருக்காமல், இந்தக் காகிதம் கைக்கு வந்த அன்றைக்கே பெட்டியைப் பிரியுங்கள். உள்ளங்கையால் ஓரத்தில் மட்டும் பிடித்து, பேர் ஒட்டாத பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை இல்லை. துடைக்காதீர்கள், ஊதாதீர்கள். அதற்கு அடியில் கறுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, எனக்குச் சொல்வதற்கு முன்னால் விமலா மேடத்துக்குச் சொல்லுங்கள்.

தனலட்சுமி